ஜெபம் முடிந்த பின்

நாம் பால் வெட்டும் மரத்தின் தாய்நாடு பிரேசில். 1876ல் அங்கிருந்து லண்டனுக்குக் கொண்டு போன விதைகளில் முளைத்த கன்றுகள், மறு ஆண்டே சிங்கப்பூருக்கு வந்தன. மரத்தைப் பெற்ற நாம், அந்நாட்டுப் பால்வெட்டுத் தோழர்களிடம் ஒரு பாடத்தையும் பெற வேண்டும்.

பிரேசிலின் மேற்குக் கோடியில் உள்ளது ஆக்ரே மாநிலம். அங்கே ரப்பர் மரம் நிரை பிடித்து நட்டதல்ல. காட்டில் தானாக வளர்ந்தது. காடு இருந்தால்தான் தொழிலாளிக்குப் பிழைப்பு. 1970களில் மாட்டுப் பண்ணை முதலாளிகள் வந்தனர். நிலத்தை வாங்கினர், மரத்தை வீழ்த்தினர், தீ வைத்தனர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வீடு நெடுந்தூரம். இவர்கள் எங்கே கூடுவது?

மாதா கோயில் இடம் கொடுத்தது. பிஷப் மோசீர் கிரெக்கியின் காலத்தில் காட்டுக்குள் சிறு சிறு ஜெபக் கூட்டங்கள் நடந்தன. வேதம் வாசித்தார்கள், பிறகு தங்கள் கஷ்டத்தைப் பேசினார்கள். கடவுள் படைத்த பூமியை ஒரு சிலர் எரித்துப் பாழாக்குவது நியாயமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி அவர்களைச் சங்கத்துக்கு அழைத்து வந்தது. 1975ல் பிரசிலேயாவிலும், 1977ல் ஷாப்புரியிலும் சங்கம் பிறந்தது. ஆணும் பெண்ணும் குழந்தைகளும் மரங்களின் முன் நின்று, வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

அதற்கு உயிரை விலையாகக் கொடுத்தார்கள். 1980ல் பிரசிலேயா சங்கத் தலைவர் வில்சன் பினேரோ, சங்கக் கட்டிடத்திலேயே சுடப்பட்டார். 1988 டிசம்பர் 22ல் ஷாப்புரித் தலைவர் சிக்கோ மெண்டிஸ், தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990ல் ஒன்பது லட்சம் ஹெக்டருக்கும் அதிகமான காடு, அவர் பெயரால் பால்வெட்டுவோரின் காப்புக் காடானது. அங்கும் காடழிப்பு முற்றிலும் ஓயவில்லை, போராட்டம் தொடர்கிறது.

"கோயில் வேறு, சங்கம் வேறு" என்பார் நம்மில் சிலர். உண்மைதான். கோயிலைச் சங்கத்தின் கிளையாக்கும்படி நாம் கேட்கவில்லை. மெண்டிஸும் பாதிரியாரின் சீடரல்ல, இடதுசாரி. ஆயினும், கோயில் கூட்டிய மக்களை அவர் தம் மக்களாகவே கண்டார். கோயிலும் அவரை அந்நியராக எண்ணவில்லை.

நம் நாட்டில் 1950, 60களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிற்காலத்தில் வீடு கட்ட விற்கப்பட்டன. லயத்து மக்கள் மூட்டை முடிச்சுடன் வெளியேறினார்கள். கோயில் மணி தவறாமல் அடித்தது. எத்தனை கோயில்களில் அவர்களுக்காக ஒரு மனு எழுதப்பட்டது?

தோழர்களே, ஞாயிறு ஜெபம் முடிந்ததும் வாசலில் கால் மணி நேரம் நில்லுங்கள். எந்தத் தோட்டம் கைமாறுகிறது, எந்த ஆற்றில் கழிவு கலக்கிறது, எந்த விதவைக்குச் சேமநிதி வந்து சேரவில்லை என்று பேசுங்கள். கிராணிமார்களே, நீங்கள் பேனாவை எடுங்கள். அம்மன் கோயில் வாசலுக்கும் இதுவே பொருந்தும்.

மரத்தைக் காப்பதும், அதனால் பிழைப்பவனைக் காப்பதும் ஒரே கடமை. அதைச் செய்யாத ஜெபம் பாதி ஜெபமே!