எர்ஃபூதில் பார்த்த கல்



மொராக்கோ போய்த் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. "படம் மட்டும் போட்டீங்க, ஒரு வரி எழுதலையே சார்" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். எழுத உட்கார்ந்தால் மொராக்கோவை விட்டுவிட்டு நம் காரைக்கே மனம் ஓடுகிறது. அதனால்தான் தாமதம்.

பயணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு நாள், முப்பத்திரண்டு பேர், ஒரே பேருந்து. பணம் கட்டியது மகள். காசாபிளாங்காவில் கடலையொட்டிய பெரிய மசூதி, ஃபெஸ் நகரத்துச் சந்துகள், அங்கே தோல் பதனிடும் தொட்டிகள் (நாற்றத்துக்கு ஆளுக்கொரு கொத்து புதினா கொடுக்கிறார்கள்), அட்லஸ் மலை, அதைத் தாண்டி சகாரா. மெர்சூகாவில் ஒட்டகத்தில் ஏறியதில் இடுப்பு இன்னும் சரியாகவில்லை. தாஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா 14-ஆம் நூற்றாண்டில் நம் மதுரை வரை வந்தவர். அவர் முப்பது ஆண்டு அளவுக்கு ஊர் சுற்றினார். நாங்கள் எட்டு நாளில் அவர் நாட்டையே முடித்துவிட்டோம்!

குழுச் சுற்றுலாவை நான் கேலி செய்யவில்லை. பாஷை தெரியாத தேசத்துக்கு இந்த வயதில் தனியாகப் போக முடியாது. ஆனால் பேருந்து எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை மலையும் பாலைவனமுமா முடிவு செய்கின்றன? தோத்ரா மலைப்பிளவில் இருபது நிமிடம். எர்ஃபூத் என்ற ஊரில் ஒரு கல் கடையில் ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் மறக்க முடியவில்லை. அங்கே பாலைவனத்தில் கருங்கல் பாளங்களை வெட்டியெடுத்து, அறுத்து, மெருகேற்றி மேசையாகவும் கைகழுவும் தொட்டியாகவும் விற்கிறார்கள். கல்லுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கூம்புகள், சுருள்கள். ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள். வழிகாட்டி ஒரு முரட்டுக் கல்லில் தண்ணீர் ஊற்றினார், சுருள் பளிச்சென்று தெரிந்தது. "இந்தப் பாலைவனம் ஒரு காலத்தில் கடல்" என்றார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பக்கத்தில் நின்ற கோயம்புத்தூர் அம்மாவிடம், "இந்த மாதிரி சுருள் எங்க ஊர் ஓடையிலேயே கிடக்கும்மா" என்றேன். "அப்படியா சார், நீங்க எத்தனை எடுத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

1991 என்று நினைவு. ஏழாம் வகுப்பு. காரைப் பக்கத்துப் பையன் ஒருவன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் காட்டி, "சார், இது நத்தையா?" என்று கேட்டான். நான் மதிப்பெண் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். "கல்லையெல்லாம் வகுப்புக்குக் கொண்டு வராதே, வெளியே போடு" என்றேன். போட்டுவிட்டு வந்தான். அந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வில் 'புதைபடிவம் என்றால் என்ன?' என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வைத்தேன். புத்தகத்தில் உள்ளபடியே சரியாக எழுதியிருந்தான். முழு மதிப்பெண் போட்டேன்.

அவன் கொண்டுவந்தது அம்மோனைட். காரையில் மழைநீர் அரித்த செம்மண் மேடுகளில், ஜிப்சம் செதில்கள் மின்னும் இடத்தில், அது கிடக்கும். கணவாய் மீனுக்கு உறவான பெலம்னைட், துப்பாக்கிக் குண்டு வடிவத்தில், அதுவும் கிடக்கும். ஏறத்தாழ 10 கோடி ஆண்டு வயது. பிளான்ஃபோர்டு என்ற நிலவியலாளர் இந்தப் பகுதியைப் பற்றி எழுதி வெளியிட்டது 1862-இல். இங்கே கிடைத்த உயிரினங்களைப் பற்றிப் பெரிய பெரிய தொகுதிகள் எழுதிய ஸ்டோலிச்கா ஐரோப்பாவிலிருந்து வந்தவர். சாத்தனூரில் கல்லாகிப் படுத்திருக்கும் 18 மீட்டர் மரத்தை 1940-இல் கண்டறிந்தவர் நம் நாட்டவரான எம். எஸ். கிருஷ்ணன். நான் மாணவர்களை அழைத்துப்போனது ஊட்டிக்கு, கொடைக்கானலுக்கு. ஒரு தடவைகூட காரைக்கு இல்லை.

சிமெண்ட் ஆலைகளைத் திட்டுவது சுலபம். நான் திட்டப்போவதில்லை. உங்களில் பலர் வீட்டு அடுப்பு அதனால் எரிந்தது. ஆனால் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் அந்தக் கடலின் சிப்பிகள் இருக்கின்றன, சூளைக்குப் போகும் ஒவ்வொரு லாரியிலும் கொஞ்சம் போகிறது. எர்ஃபூத்காரர்களும் வெட்டித்தான் விற்கிறார்கள், அவர்களை நான் உத்தமர் என்று சொல்லவில்லை. விற்பது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு மாவட்டப் பள்ளிகளும் ஏழாம் வகுப்பின் முதல் சுற்றுலாவைக் காரை, சாத்தனூர், வாரணவாசி அருங்காட்சியகம் என்று வைக்க வேண்டும் என்பது என் கருத்து. காலையில் கிளம்பினால் மாலையில் வீடு. ஊட்டிக்கு அடுத்த ஆண்டு போகட்டும்.

நண்பரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் சொன்னேன். "ஊரறியச் சொன்னா மூட்டை கட்டி அள்ளிட்டுப் போயிடுவாங்கய்யா" என்றார். நியாயமான பயம். இப்போதே அள்ளுகிறார்கள். ஆனால் கல்லமேட்டில் கிடைத்த பெரிய டைனோசர் எலும்புகளை நினைத்துப் பாருங்கள். 1987-இல் அதற்குப் பெயர் சூட்டினார்கள், அந்த எலும்புகள் உதிர்ந்து இன்று ஒன்றும் மிச்சமில்லை. அள்ளிக்கொண்டு போனவர் யாருமில்லை.

பொங்கல் முடிந்து வரும் இரண்டாவது ஞாயிறு, காலை ஆறு மணிக்குப் பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஒரு வேன் ஏற்பாடு செய்கிறேன். பிள்ளைகளோடு வாருங்கள். தொப்பி, தண்ணீர் அவசியம். சுத்தியல் கூடாது. கையில் எடுத்துப் பார்த்த கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும், பேரன்களுக்கும் இதே சட்டம்தான். புளிச்சோறு கட்டித் தருவதாக வீட்டம்மா சொல்லியிருக்கிறார்கள், எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்தக் காரைப் பையனுக்கு இப்போது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். உங்களில் யாருக்காவது அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் இதைக் காட்டுங்கள். என் கைபேசி எண் பழையதுதான். வேனில் முன் இருக்கை அவனுக்கு.