சிலபஸில் இல்லாத கேள்வி

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் செய்முறைப் பரீட்சை நடத்த வெளிப் பரீட்சகனாகப் போயிருந்தேன். மாணவர்கள் முப்பது பேர். நேரம் மூன்று மணி. மேஜைமேல் மடித்து வைத்திருந்த சீட்டுகளில் ஒன்றை ஒரு பையன் எடுத்தான். கொடுத்த எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் புரோகிராம் எழுத வேண்டும். உட்கார்ந்தான், விரல்கள் நிற்கவேயில்லை. பத்து நிமிஷத்தில் விடை திரையில் வந்துவிட்டது. ரிக்கார்டு நோட்டும் காக்கி அட்டை போட்டு, பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியர் கையெழுத்துடன் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

"தம்பி, இதையே பெரியதிலிருந்து சிறியதாக வரும்படி மாற்று, பார்க்கலாம்" என்றேன்.

பையன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சார், அது சிலபஸில் இல்லை, சார்" என்றான்.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு குறி. 'பெரிது' என்ற அடையாளத்தைத் திருப்பிப் போட்டு 'சிறிது' என்று ஆக்கினால் தீர்ந்தது.

பக்கத்து வரிசையில் ஒரு பெண்ணுக்கும் அதே சீட்டு வாய்த்திருந்தது. எங்கோ ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டாள். மணி அடிக்கும்வரை அவளுக்கு விடை வரவில்லை. அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். பேனாவால் அந்த அடையாளத்தைத் தொட்டுக் காட்டி, "இதைத் திருப்பினால் போதும் சார். ஆனால் சமமான எண்களையும் இடம் மாற்றும்படி எழுதிவிடக் கூடாது, வீண் வேலை" என்று தமிழிலேயே சொன்னாள். மார்க்குத் திட்டத்தில் விடை வந்ததற்கு இவ்வளவு, நோட்டுக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருந்தது. அதன்படி பையனுக்கு 94, பெண்ணுக்கு 61. இரண்டையும் போட்டது இந்தக் கைதான். அது இன்றுவரை உறுத்துகிறது.

இந்த வியாதி நம் ஊரில் மட்டும் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். கணிதத்துக்குப் பேர்போன கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் 'டிரைப்பாஸ்' என்ற பரீட்சை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அதில் முதல் வகுப்பில் தேறியவர்களை ஒன்று, இரண்டு என்று மார்க்கு வரிசைப்படி அறிவிப்பார்கள். முதலில் நிற்பவர் 'சீனியர் ராங்க்ளர்'. 1899-ல் நம் நாட்டுப் பராஞ்சபே அந்த இடத்தை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார். ஆயுள் முழுவதும் 'ராங்க்ளர் பராஞ்சபே' என்றே அழைக்கப்பட்டார். அவ்வளவு மவுசு! மவுசு இருக்குமிடத்தில் டியூஷனும் இருக்கும் அல்லவா? ரௌத் என்ற தனி ஆசிரியர் ஒருவரே இருபதுக்கும் மேற்பட்ட சீனியர் ராங்க்ளர்களைத் தயார்செய்து அனுப்பினார். அந்த ரௌத் 1854-ல் தாமே முதல் இடம் பெற்றவர். அந்த வருஷம் இரண்டாவதாக வந்தவர் யார் தெரியுமா? ஒளியும் மின்காந்த அலையே என்று கணக்குப் போட்டுக் காட்டிய மாக்ஸ்வெல்! 1845-ல் இரண்டாவதாக நின்றவரோ, பின்னால் கெல்வின் பிரபு என்று உலகம் போற்றிய வில்லியம் தாம்ஸன்.

கணித மேதை ஹார்டி இந்த வரிசை முறையை எதிர்த்துப் போராடினார். 1909-உடன் அது ஒழிந்தது. அதோடும் அவர் திருப்தியடையவில்லை. இந்தப் பரீட்சையைச் சீர்திருத்திப் பயனில்லை, அடியோடு ஒழிக்க வேண்டும் என்று 1926-ல் வாதாடினார். (கும்பகோணத்திலும் சென்னையிலும் எப்.ஏ. தேறாத ராமானுஜத்தை எல்லாரும் இந்த இடத்தில் இழுப்பார்கள். நான் இழுக்கப்போவதில்லை. மேதைகளை அளப்பதற்காகப் பரீட்சை ஏற்படவில்லை. நம்மைப்போன்ற சாமானியர்களுக்காகத்தான் அது.)

ஹார்டியோடு நான் ஒத்துப்போகவில்லை. விடைத்தாளில் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஜாதி இல்லை. ஓர் எண் மட்டும் இருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு அந்த எண்தான் கவசம். பரீட்சையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் சிபாரிசு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே பரீட்சை இருக்கட்டும். கேள்வி மாறட்டும் என்பதே என் கட்சி.

கணிதத்தில் ஒரு தேற்றத்தை எழுதி நிரூபி என்று கேட்கிறோம். பையன் பத்து வரி ஒப்பித்துவிட்டுப் போகிறான். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியாக உள்ள சார்புக்கு உச்ச மதிப்பு உண்டு என்பது பாடம். "மூடிய என்ற வார்த்தையை எடுத்துவிட்டால் என்ன கெட்டுப்போகும்? ஓர் உதாரணம் சொல்" என்று கேட்டுப் பாருங்கள். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே, ஒன்றை எக்ஸால் வகுத்துப் பார்த்தவன் உடனே சொல்லிவிடுவான்: பூஜ்யத்தை நெருங்க நெருங்க அது ஏறிக்கொண்டே போகிறது, உச்சம் என்று ஒன்று அகப்படவில்லை. இதை எந்த நோட்ஸிலும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

புரோகிராம் விஷயத்திலும் இதே கதைதான். 2001-ல் மெக்ராக்கன் என்பவரும் அவருடைய சகாக்களும் நான்கு சர்வகலாசாலைகளில், ஆரம்பப் பாடம் முடித்த 216 மாணவர்களுக்குச் சாதாரணக் கால்குலேட்டர் மாதிரிப் புரோகிராம்களை எழுதக் கொடுத்தார்கள். மொத்தம் 110 மார்க்கு. சராசரி 23 கூட எட்டவில்லை. பின்னர் 2004-ல் ஏழு நாடுகளில் செய்த ஆராய்ச்சியில், பிறர் எழுதிய சிறு புரோகிராமைப் படித்து அது என்ன செய்யும் என்று சொல்லவே பலர் தடுமாறியது வெளிப்பட்டது. படிக்கத் தெரியாதவனிடம் எழுது, எழுது என்றால் அவன் பாவம், உருப்போடத்தானே செய்வான்?

2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு வீட்டிலிருந்து எழுதிவரும் புரோகிராமுக்கு மதிப்பே போய்விட்டது. யந்திரம் நொடியில் எழுதித் தருகிறது. அதற்காக யந்திரத்தைத் திட்டிப் பயனில்லை. எழுதி வந்ததை முன்னால் வைத்துக்கொண்டு, "இந்த வரி ஏன்? இதை எடுத்தால் என்ன ஆகும்?" என்று நேரில் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். செய்முறைப் பரீட்சையில் பாதி மார்க்கையாவது இப்படி மாற்றிச் செய்வதற்கும் விளக்கிச் சொல்வதற்கும் ஒதுக்க வேண்டும்.

நேரில் கேட்பதில் ஆபத்து இல்லாமல் இல்லை. முகத்தைப் பார்த்து மார்க்குப் போடும் பரீட்சகரும் உண்டு. நுனிநாக்கு ஆங்கிலம் பேசுகிறவன் பிழைத்துக்கொள்வான். தமிழில் படித்து வந்த பெண் வாயடைத்து நிற்பாள். ஆகவே பரீட்சகர் இருவரும் தனித்தனியே மார்க்குப் போட்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும். மாணவர் எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். காகிதத்தில் போட்டுக் காட்டினாலும் சரி.

"நேரம் எங்கே ஐயா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முப்பது பேருக்கு மூன்று மணி என்றால் தலைக்கு ஆறு நிமிஷம்; அதில் ரிக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுவதற்கே இரண்டு நிமிஷம் போய்விடுகிறது. முப்பதைப் பதினைந்து பதினைந்தாகப் பிரித்தால் தலைக்குப் பன்னிரண்டு நிமிஷம் கிடைக்கும். பரீட்சகருக்கு இன்னொரு நாள் படியும் பஸ் சத்தமும் ஆகும். பரீட்சைக் கட்டணத்தை ஒரு நாள் தாமதித்துக் கட்டினாலும் அபராதம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இந்தச் செலவு பெரிதல்ல.