மணற்குன்றும் ஓர் ஆவணமே

மத்திய அரசின் தரிசுநில வரைபட நூலில் பாலைவன மணலுக்கும் ஒரு பிரிவு உண்டு. விளையாத நிலம் தரிசு என்பது வருவாய்க் கணக்கு. அதனைக் குறைகூற இயலாது. ஆயினும் இராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனம் பற்றிய ஆராய்ச்சிகளைத் தமிழாக்கி வரும் எனக்கு, அச்சொல்லை எழுதும்போது இப்போதெல்லாம் கை தயங்குகிறது.

டீட்வானா என்னும் உப்பேரியின் அருகே ஒரு மணற்குன்றை ஆழமாக வெட்டி ஆராய்ந்தனர். 2010-இல் வெளியான முடிவின்படி, அதன் அடுக்குகள் ஏறத்தாழ 2 இலட்சம் ஆண்டுகளின் வரலாற்றைத் தாங்கியுள்ளன. மணல் புதையுண்ட நாள்முதல், சுற்றியுள்ள கதிரியக்கத்தின் ஆற்றலைச் சிறிது சிறிதாகச் சேமித்து வருகிறது. ஆய்வுக்கூடத்தில் தூண்டினால் அவ்வாற்றல் ஒளியாக வெளிப்படும். அவ்வொளியைக் கொண்டு வயதைக் கணிக்கின்றனர்.

மழை பெய்ததா என்பதைச் சொல்பவை மணலினுள் கிடக்கும் சுக்கான்கற்கள். மண்ணில் இறங்கிய நீரிலிருந்து சுண்ணாம்பு படிந்து உண்டானவை அவை. அவற்றிலுள்ள பிராணவாயுவில் எடை 16 உடைய அணுக்களோடு, எடை 18 உடையவை சிறிதளவு கலந்திருக்கும். இவை சிதையாதவை; ஆதலின் நிலையான ஐசோடோப்புகள் எனப்படும். (ஐசோடோப்பை 'ஓரிடத்தான்' எனப் பெயர்த்தவரின் சொல்வன்மையை நான் வியப்பதுண்டு.) பருவமழை வலுத்தால் நீரில் 18 குறையும், மழை தளர்ந்து நீர் ஆவியானால் மிகும். 1998-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, தார்ப் பாலைவனத்துச் சுக்கான்கற்களை இவ்வாறு சோதித்து, கடந்த 70,000 ஆண்டுகளில் பருவமழை இருமுறை தளர்ந்ததெனக் கண்டது.

மணல் குவிந்த காலமெல்லாம் கடும் வறட்சிக் காலம் என எண்ணுவது பிழை. அங்கே குன்றை எழுப்புவது தென்மேற்குப் பருவக்காற்று. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் அக்காற்றே மெலிந்திருந்தது. பின்னர் காற்று வலுத்து, புல்பூண்டு இன்னும் நன்கு வேரூன்றாத இடைக்காலத்தில்தான் குன்றுகள் பெரிதும் வளர்ந்தன. எனவே மணலையும் சுக்கானையும் சேர்த்தே படிக்க வேண்டும். பருவமழை எவ்வளவு மாறக்கூடும் என்பதை அறிய இத்தகைய சான்றுகள் நமக்கு மிகச் சிலவே உள.

இவை அழிந்தும் வருகின்றன. 1958-இல் பணி தொடங்கி, இன்று இந்திரா காந்தியின் பெயர் தாங்கும் கால்வாய், வறண்ட மாவட்டங்களுக்கு வாழ்வளித்தது. அதை மறுப்பவன் நன்றி கொன்றவனே. ஆயினும் குன்றைச் சமன் செய்தால் அடுக்குகள் குலையும். பாய்ச்சிய நீரில் பழைய சுண்ணாம்பு கரைந்து மீண்டும் படியுமாயின், அன்றைய மழையின் அடையாளத்தோடு இன்றைய நீரின் அடையாளமும் கலந்துவிடும்.

விசாகப்பட்டினத்தருகே எர்ர மட்டி திப்பலு என்னும் செம்மணற் குன்றுகளைப் புவியியல் மரபுச் சின்னமாக ஏற்ற நாடு இது. தார்ப் பாலைவனத்திலும் தேர்ந்த சில குன்றுகளுக்கு அத்தகுதியை அளிக்கலாம். ஏனையவற்றைச் சமன் செய்யுமுன், புவியியலார் ஒருமுறை பார்த்து மாதிரி எடுக்கட்டும். உழவர் அதற்காக ஒரு பருவம் காத்திருக்க நேர்ந்தால், அவ்விழப்பை அரசே ஈடுசெய்தல் வேண்டும்.