கண்ணீர் வற்றினால்...



கண்ணீர் என்றதும் நம் நினைவுக்கு வருவது துயரம். ஆனால் துயரம் ஏதுமில்லாத வேளையிலும் நம் கண்களில் நீர் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. அது குறையும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. ஐம்பதைக் கடந்த தாய்மார்கள், “கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது, எரிகிறது, மாலையானால் எழுத்து மங்குகிறது” என்பார்கள். “வயதாகிவிட்டதல்லவா உம்மா, அப்படித்தான் இருக்கும்” என்று நாமும் சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த உறுத்தலின் வேர் கண்ணுக்கு வெளியே, உடலின் வேறோரிடத்தில் இருக்கக்கூடும்.

விழியின் மேற்பரப்பை மூடியுள்ள கண்ணீர்ப் படலம் வெறும் நீரன்று. நீரை விழியோடு ஒட்டவைக்கும் சளிப்பொருள் அடியில் இருக்கிறது. அதற்கு மேலே நீர். அதைத் தருவது, மேலிமைக்குள் வெளியோரமாக அமைந்துள்ள கண்ணீர்ச் சுரப்பி. எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. இதனை இமை விளிம்பில் வரிசையாக அமைந்த சிறு சுரப்பிகள் தருகின்றன. 1666ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோம் இவற்றை விவரித்து எழுதியதால் ‘மைபோமியன் சுரப்பிகள்’ எனப் பெயர் பெற்றன. குழம்பின் மேல் எண்ணெய் படர்ந்திருந்தால் ஆவி எளிதில் எழாது. அதுபோலவே இந்தப் பூச்சும் கண்ணீர் விரைந்து உலர்ந்துவிடாமல் காக்கிறது.

இச்சுரப்பிகளுக்கு ஆணையிடுபவற்றுள் ஹார்மோன்கள் முக்கியமானவை. ஆண்ட்ரோஜனை ஆண்களுக்குரிய ஹார்மோன் என்கிறோம். பெண்ணுடலிலும் அது சிறிதளவு சுரக்கிறது. எண்ணெய்ச் சுரப்பிகளும் கண்ணீர்ச் சுரப்பியும் செம்மையாக இயங்க உதவுகிறது. வயது ஏறஏற அதன் அளவு குறைகிறது. கண் வறட்சி ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவதற்கு ஹார்மோன் வேறுபாடும் ஒரு காரணம். ஆண்களுக்கும் விலக்கில்லை. புராஸ்டேட் நோய்க்காக ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்து உண்போரிடம் இந்த எண்ணெய்ச் சுரப்பிகள் நலிவது கண்டறியப்பட்டுள்ளது.

மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை உண்டால் வறட்சி தீரும் எனச் சிலர் எண்ணுகின்றனர். மாதவிடாய் நின்ற 25,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வோ, ஈஸ்ட்ரோஜன் மட்டும் உண்டவர்களிடம் வறட்சி அதிகம் என்றே காட்டியது. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடலாகாது. மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தைராய்டு மிகையாகச் சுரப்போரில் சிலருக்கு விழி பிதுங்கி, மேலிமை உயர்ந்து நிற்கும். உறக்கத்தில்கூட இமைகள் முழுமையாக மூடா. காற்றுபட்டு விழி உலர்ந்து புண்ணாகும். புகைப்பிடித்தல் இந்நோயை மேலும் கடுமையாக்கும்.

இன்சுலின் குறைபாட்டால் வரும் நீரிழிவு இன்னும் வஞ்சகமானது. நாட்பட்ட நீரிழிவில் கருவிழியின் நரம்புகள் மரத்துப்போகலாம். அப்போது, ‘நீர் சுரக்கட்டும்’ என்ற செய்தி சுரப்பிக்குச் சரிவரச் சென்று சேராது. மேற்பரப்பு சிதைந்தாலும் வலி தெரியாது. ஆகவே நீரிழிவு உள்ளவர்கள், “வலிக்கவில்லையே” என்று வாளாவிருப்பது தவறு.

“என் கண்ணில் நீர் வடிகிறதே, வறட்சி எப்படி இருக்க முடியும்?” என்று நீங்கள் கேட்கலாம். உலர்ந்த விழி உறுத்தும்போது நீர் திடீரெனப் பெருகுவதுண்டு. அது வழிந்தோடிவிடும், விழியில் தங்காது. உண்மை நிலையை அறிய எளிய சோதனை இருக்கிறது. 1903இல் ஓட்டோ ஷிர்மர் வகுத்த முறைப்படி, சிறு காகிதத் துண்டினைக் கீழிமையில் மாட்டி, 5 நிமிடங்களில் எவ்வளவு தூரம் நனைகிறது என்று அளப்பார்கள். 5 மில்லிமீட்டரும் நனையாவிடில் நீர் குறைவு என்று கொள்வர். கண்ணோடு வாயும் உலர்ந்து, மூட்டும் வலித்தால் அதையும் சொல்லுங்கள். 1933இல் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் விவரித்த நோயாக அது இருக்கக்கூடும். உடலின் நோய் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் அது. பெரும்பாலும் பெண்களுக்கே வருகிறது.

இனி, தவிர்க்க வேண்டியவை. மருந்துக் கடையில் தாமாக வாங்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். முதலில் சுகம் தரும், நாட்பட்டால் கண் அழுத்தத்தை உயர்த்திப் பார்வையையே பறித்துவிடும், கண்புரையையும் வரவழைக்கும். கடைகளில் விற்கும் சுர்மா சிலவற்றில் ஈயம் இருப்பது சோதனைகளில் தெரியவந்துள்ளது. இமை விளிம்பில் அப்பினால் எண்ணெய்த் துளைகளும் அடைபடக்கூடும். மின்விசிறிக் காற்றும் அடுப்புப் புகையும் நேரே முகத்தில் படாதிருக்கட்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியை மூடிய இமைகள்மீது சில நிமிடங்கள் வைத்தால் உறைந்த எண்ணெய் இளகும். வாசிக்கும்போது இடையிடையே இமைகளை முழுமையாக மூடித் திறவுங்கள்.

கண் மருத்துவரைக் காணச் செல்லும்போது, மாதவிடாய் நின்ற காலம், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றின் நிலை, உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுசெல்லுங்கள். தாய்க்கு எழுத இயலாவிட்டால் பிள்ளைகள் அருகமர்ந்து கேட்டு எழுதுங்கள். கூச்சத்தால் அவர்கள் மறைத்து வைத்திருந்த ஒரு செய்தியே நோயின் காரணத்தைக் காட்டிக்கொடுக்கலாம்.