ஆறு பலகை, ஓர் இரும்பு

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம், இடுக்கி மாவட்டம். அங்கிருந்து சற்றுத் தூரத்தில், சூரியநெல்லிப் பக்கம், என் அக்கா வாழ்க்கைப்பட்ட வீடு. கடைப் பலகைகளில் மலையாளம், தேயிலைக் காட்டில் கேட்கும் பேச்சு தமிழ். கோடை விடுமுறைக்கு நான் போயிருந்தபோது மாலை ஆறரைக்கே வாசல் கதவைத் தாழிட்டார்கள். காரணம் கேட்டேன். "ஆனை நடமாட்டம்" என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டாள் அக்கா.

கதவு மூடியதும் அவளுடைய பதினோரு வயது மகனுக்கு வேறோர் உலகம் திறந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அவன் மைன்கிராஃப்ட் ஆடுகிறான். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: மண், கல், மரம் எல்லாமே சதுரக் கட்டிகளாக இருக்கும் ஓர் உலகத்தில் உங்களைத் தனியே இறக்கிவிடுவார்கள். வெட்டலாம், அடுக்கலாம், வீடு கட்டலாம். 2011இல் முழு வடிவில் வெளிவந்த இந்த விளையாட்டு 2023க்குள் 30 கோடிப் பிரதிகளைத் தாண்டி விற்றிருக்கிறது. அங்கே ஒரு முழு நாள் என்பது நம்முடைய 20 நிமிடம். இருட்டியதும் பிணங்கள் எழுந்து நடக்கும், எலும்புக்கூடுகள் வில்லும் அம்புமாக வரும், பச்சை நிற ஜந்து ஒன்று சத்தமில்லாமல் பின்னால் வந்து வெடிக்கும். விடியும்வரை உயிரோடு இருப்பதுதான் ஆட்டம்.

"இதுல என்னடா கத்துக்கற?" என்று பெரியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். பையன் பதில் சொல்லவில்லை. "மாமா, இப்பக் கேடயம் செய்யப்போறேன், பாருங்க" என்றான். பார்த்தேன்.

இரண்டு மரக் கட்டைகளை வெட்டினான். ஒரு கட்டைக்கு நான்கு பலகை. கல்லால் ஆன பிக்காசை எடுத்துக்கொண்டு குகைக்குள் போய் இரும்புத் தாது தோண்டினான். அதை உலையில் இட்டு உருக்கினான், ஓர் இரும்புப் பாளம் வந்தது. பிறகு பணிமேசை. அதில் ஒன்பது கட்டங்கள். மேல் வரிசையில் நடுவே இரும்பு, அதன் இருபுறமும் பலகை. நடு வரிசை மூன்றிலும் பலகை. கீழ் வரிசையில் நடுக் கட்டத்தில் மட்டும் ஒரு பலகை. மொத்தம் ஆறு பலகை, ஓர் இரும்பு. கேடயம் தயார்.

"இவ்வளவுதானா?" என்றேன். "அவ்ளோதான். உடம்பு முழுக்க இரும்புச் சட்டை போடணும்னா 24 பாளம் வேணும். தலைக்கு 5, நெஞ்சுக்கு 8, காலுக்கு 7, செருப்புக்கு 4. மொத நாள்ல அவ்ளோ இரும்புக்கு எங்க போறது? கேடயம்னா ஒண்ணு போதும்."

எளியவனின் தற்காப்பு என்று எனக்குப் பட்டது. ஆனால் அவன் அடுத்தடுத்துச் சொன்ன நிபந்தனைகள்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. கையில் வைத்திருந்தால் மட்டும் போதாது, உயர்த்திப் பிடிக்க வேண்டும். உயர்த்திய பின்னும் அது வேலை செய்யத் தொடங்கக் கால் நொடி ஆகும். அம்பு கண்ணுக்குத் தெரிந்த பிறகு தூக்கினால் நேரம் தாண்டிவிடும். உயர்த்தியபடி ஓட முடியாது, ஊர்ந்துதான் போக வேண்டும். கோடரியால் ஒரு அடி விழுந்தால் ஐந்து நொடிக்குக் கேடயம் செயலிழந்துவிடும். 336 என்ற கணக்கில் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் உடைந்தும் போகும். உயரத்திலிருந்து விழுந்தால், தண்ணீரில் மூழ்கினால், தீப்பிடித்தால் அதனால் உபயோகம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அது முன்பக்கத்தை மட்டுமே காக்கும்.

"முன்னாடி வந்தா அம்பையும் நிறுத்தும், வெடியையும் நிறுத்தும் மாமா. பின்னாடி வந்தா கேடயம் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அதுக்குக் கண்ணு கிடையாதுல்ல. நாமதான் திரும்பணும்."

தமிழ் படித்தவனுக்கு, அதிலும் மொழிபெயர்ப்பால் பிழைப்பவனுக்கு, புத்தி உடனே சொல்லின் பக்கம் போகும். இந்த விளையாட்டைத் தமிழிலும் ஆடலாம். தன்னார்வலர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். கேடயம் என்ற சொல் வடமொழியின் 'கேடக'த்திலிருந்து வந்தது. அதற்கு முன்னும் பின்னும் நம்மிடம் சொற்கள் நிறைய. பழம்பாடல்களில் 'தோல்' என்றாலே கேடயம், தோலால் செய்ததால். 'கிடுகு' என்றாலும் கேடயம். அதே சொல்தான் யாழ்ப்பாணத்தில் கூரை வேயவும் வேலி அடைக்கவும் முடையும் தென்னங்கீற்றுக்கும் பெயர். 'பரிசை' என்றும் சொல்வோம். மலை தாண்டினால் அது 'பரிச'. களரிப் பயிற்றில் வாளும் பரிசயும் சேர்ந்ததுதான் ஒரு பாடம். நிகண்டில் இன்னொரு சொல் இருக்கிறது: பலகை. நெடிய கேடயத்துக்கு அதுதான் பெயர். மரத்துக்கும் கேடயத்துக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்தது ஏன் என்று எம்.ஏ. வகுப்பில் எனக்கு விளங்கவில்லை. பையனின் பணிமேசையில் விளங்கிற்று.

அந்தச் சேரநாட்டு அரசர்களைப் பாடிய பதிற்றுப்பத்தில் 'மெய்ம்மறை' என்று ஒரு சொல் வரும். உடம்பை மறைப்பது, அதாவது கவசம். அரசனையே வீரர்களின் மெய்ம்மறை என்பார்கள். மக்களுக்குக் கவசமாக நிற்பது ஆட்சியின் வேலை என்ற எண்ணம் அந்தச் சொல்லில் பொதிந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

இந்த எல்லை முழுவதையும் ஒரு கேடயமாகவே பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலை நெடிய பலகை போல நிற்கிறது. இடுக்கிப் பக்கம் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று சில ஏற்றங்கள் மட்டும்தான் வழி. வடக்கே பாலக்காட்டில் பலகையில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஒரு திறப்பு. காற்றும் வணிகமும் படையும் அந்த வழியாகத்தான் வந்தன. கொங்கு நாட்டிலிருந்து வந்த படையை எதிர்த்து வென்ற கதையைச் சித்தூர் பகவதி கோயிலில் இன்றும் 'கொங்கன் படை' என்ற பெயரில் மாசி மாதத் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். ஹைதர் அலி 1766இல் பாலக்காட்டில் கோட்டை கட்டியதும் அந்தத் திறப்பைக் கருதித்தான். ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரிந்தவன் அந்தப் பக்கம் கேடயத்தைத் திருப்பினான்.

இன்றைய சூரியநெல்லிக்கு ஆபத்து எந்தப் பக்கம்? வீட்டுக்கு நான்கு பக்கமும் என்கிறாள் அக்கா. பக்கத்துச் சின்னக்கானலில் 2000களின் தொடக்கத்தில் 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். அந்தக் குடியிருப்புக்கே '301 காலனி' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆனையிறங்கல் அணையை ஒட்டிய அந்த நிலம் யானைகள் காலம்காலமாக நடந்த இடம். ஊரின் பெயரே அதைச் சொல்கிறது. வந்தவர்களில் பலர் இருக்க முடியாமல் வெளியேறிவிட்டார்கள். தங்கியவர்களில் கான்கிரீட் கூரைமேல் குடிசை போட்டு இரவைக் கழித்தவர்கள் உண்டு. மெய்ம்மறையாக நிற்க வேண்டிய ஆட்சி, ஏழைக்கு நிலம் தந்தது. எந்த இடத்தில் தருகிறோம் என்று பார்க்கவில்லை.

அரிக்கொம்பனை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரி என்றால் மலையாளத்தில் அரிசி. ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர். 2023 ஏப்ரல் 29ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதம் ஆவதற்குள் மலையிறங்கிக் கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. ஜூன் 5ஆம் தேதி தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. ஒரு யானை போனது, யானைப் பாதை அங்கேயேதான் இருக்கிறது.

சுவர், அகழி, மின்வேலி என்று கேட்பதெல்லாம் நியாயம்தான். பையன் சொன்ன நிபந்தனைகள் அவற்றுக்கும் பொருந்தும். பராமரிக்காத வேலி தேய்ந்த கேடயம். ஒரு பக்கம் அடைத்தால் யானை மறுபக்கம் வரும். மின்கம்பிமேல் மரத்தைச் சாய்த்துவிட்டுத் தாண்டும் யானைகளும் உண்டு. கோடரி அடி என்று பையன் சொன்னது அதுதான்.

வால்பாறையில் வேறு விதமாக யோசித்தார்கள். அங்கே யானையால் இறந்தவர்களில் பெரும்பாலோர், யானை அங்கே நிற்பதே தெரியாமல் எதிர்ப்பட்டவர்கள் என்று இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வில் தெரியவந்தது. அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமார் குழுவினர் வனத்துறையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து செய்த ஏற்பாடு எளிமையானது. முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் வரியாகச் செய்தி. 2011 முதல் தமிழில் குறுஞ்செய்தி. ஆள் நடமாடும் இடங்களில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகள். யானைக் கூட்டம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் விளக்கு மினுக்கும். அதை மொபைல் போன் மூலம் ஏற்றலாம், ஊர்க்காரர்களே ஏற்றுகிறார்கள். வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குபவர் விளக்கைப் பார்த்ததும் நின்று விசாரித்து வேறு வழியில் போகிறார். உயிர்ச்சேதம் பெரிதும் குறைந்தது. யானைக்கும் தொந்தரவில்லை. ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது.

அதில் சுவரும் இல்லை, வேலியும் இல்லை. யானை எங்கே நிற்கிறது என்ற தகவல் உரிய நேரத்தில் உரியவருக்குப் போகிறது. கேடயத்துக்குக் கண் பொருத்தியது போல.

அன்றிரவு ஒன்பது மணிக்கு அக்காவின் போனில் ஊர் வாட்ஸப் குழுவின் செய்தி வந்தது. மேல் டிவிஷன் பாதையில் மூன்று, குட்டியோடு. அத்தான் எழுந்து பின்கதவுத் தாழை இன்னொரு முறை பார்த்தார். அக்கா பக்கத்து லயத்துக்குப் போன் செய்து, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருகிறவரைத் தொழிற்சாலையிலேயே நிற்கச் சொன்னாள். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஒருவர் குரலும் உயரவில்லை. பழகிப்போன கைகள்.

பையனின் திரையிலும் இருட்டிக்கொண்டிருந்தது. புதுக் கேடயத்தை மாட்டிக்கொண்டு வெளியே போவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கரியும் குச்சியும் சேர்த்துத் தீப்பந்தங்கள் செய்து வீட்டைச் சுற்றி ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தான்.

"கேடயம்தான் இருக்கேடா?"

"அது கடைசிக்கு மாமா. வெளிச்சம் இருந்தா அங்க ஒண்ணும் முளைக்காது. வந்தாலும் தூரத்துலயே தெரிஞ்சிரும்."

இதில் என்ன கற்றுக்கொள்கிறாய் என்று நான் மறுபடி கேட்கவில்லை. "போதும்டா, கண்ணு கெட்டுப்போகும்" என்று உள்ளிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "இன்னும் ரெண்டே பந்தம்மா" என்றான் பையன்.