ஊர் குடித்த தண்ணீர்

என்னைக் கேட்டுத் தொலையுங்கள், பழகிவிட்டது. என் அம்மாவை ஏன் கேட்கிறீர்கள்?

எழுபது தாண்டிய மனுஷி. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருப்பாள். பக்கத்து நாற்காலிக்கு வந்த அம்மாள், தான் எந்த ஊர், பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். என் காலைப் பார்ப்பார், அம்மா பக்கம் திரும்புவார். "உங்க பொண்ணா? பொறந்ததுலேருந்தே இப்படியா?" இல்லையென்றால் அடுத்தது தயாராக இருக்கும். "சொட்டு மருந்து குடுக்கலியா?" அதுவும் முடிந்தால், "சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களோ?"

அம்மா உடனே கூண்டில் ஏறிவிடுவாள். "இல்லீங்க, ஒண்ணரை வயசுல காய்ச்சல். ஊசி போட்டோம். மறுநாள் எழுப்பி நிக்க வச்சா கால் துவளுது..." கேட்டவர் உச்சுக்கொட்டுவார். இலை போட்டுவிட்டார்கள் என்றதும் எழுந்து போய்விடுவார். அம்மாவுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்காது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கேட்பாள்: "அந்த ஊசியைப் போடாம இருந்திருக்கலாமோடி?"

இத்தனை வருஷம் கழித்தும் அவளை இந்தக் கேள்வியில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்களே, என்ன லாபம் உங்களுக்கு?

எனக்குப் போலியோக் காய்ச்சல் கண்டது 1978இல். நாட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் தடுப்பூசி என்று அரசாங்கம் திட்டம் போட்டது 1985இல். பள்ளிக்கூடத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் மேஜை போட்டு வாயில் இரண்டு சொட்டு விடும் பல்ஸ் போலியோ வந்தது 1995இல். எங்கள் வாசலுக்கு வராத மருந்தை ஏன் கொடுக்கவில்லை என்று அவளை விசாரிக்கிறீர்கள். ஊசி குத்தினால்தான் வைத்தியம் என்று ஊரே நம்பிய காலம் அது. போலியோக் கிருமி உள்ளே இருக்கும்போது சதையில் ஊசி போட்டால் வாதம் வரும் வாய்ப்பு கூடும் என்பது டாக்டர்கள் அறிந்த விஷயம். காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியவளுக்கு அதை யார் சொன்னார்கள்?

அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அது மலத்தில் வெளியேறி, தண்ணீரில் கலந்து, இன்னொரு வாய்க்குள் போகிற கிருமி. எங்கள் வீட்டுச் சட்டியில் விளைந்ததில்லை. 200 பேரைத் தொற்றினால் ஒருவருக்குத்தான் வாதம். மற்றவர்களில் பெரும்பாலானோருக்கு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. உங்கள் குடலிலும் சில வாரம் தங்கிவிட்டுச் சொல்லாமல் கிளம்பியிருக்கலாம், அம்மணி. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சந்தோஷம். அதற்காக என் அம்மாவின் ரத்த சொந்தத்தை ஏன் கிளறுகிறீர்கள்?

பஸ்ஸில் உட்கார்ந்தால் இடது கால் நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும். காலில் மாட்டியிருக்கும் இரும்புக் காலிப்பரின் முட்டிப் பூட்டைப் புடவைக்கு மேலாகத் தடவிப் பிடித்து மேலே இழுத்தால்தான் மடங்கும். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், நாலு தலை திரும்பும். "என்னம்மா கால்ல? ஆக்சிடெண்டா?" இல்லை என்று தலையாட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தாலும் விடமாட்டார்கள். கல்யாணம் ஆச்சா? அவருக்கும் இதுபோலவா? புள்ளைக்கு ஒண்ணுமில்லியே? பேர் தெரியாத ஒருத்தி என் கட்டில்வரை வந்துவிட்டாள், டிக்கெட் இன்னும் வாங்கவில்லை. ஒரு தடவை ஒரு பாட்டி கேட்காமலே ஆடுசதையைக் கிள்ளிப் பார்த்தாள், உணர்ச்சி இருக்கிறதா என்று. இருக்கிறது பாட்டி. போலியோ தசையை ஆட்டுகிற நரம்பைத்தான் கொல்லும், தொட்டால் தெரிகிற நரம்பை ஒன்றும் செய்யாது. கொசு கடித்தாலும் தெரியும். நீங்கள் கிள்ளியதும் வலித்தது.

பல் வலிக்குப் போன இடத்தில்கூட டாக்டர் முதலில் காலைத்தான் விசாரித்தார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படிப் பதில் சொல்ல?

சட்டம் இருக்கிறது. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு, பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 6 மாதம் முதல் 5 வருஷம்வரை சிறை என்கிறது. நொண்டி என்று கத்துகிறவனை அதில் இழுக்கலாம். "பாவம், லட்சணமான பொண்ணு" என்று கன்னத்தைத் தடவுகிறவளை எந்த ஸ்டேஷனுக்கு இழுப்பேன்? கோபப்பட்டால், "அக்கறையிலதானே கேட்டேன், இதுக்குப் போய் இவ்வளவு வாயா?" என்பார்கள். அக்கறை உள்ளவர் படியேறும்போது எங்கே போனார்? கைப்பிடி இல்லாத மண்டபப் படியில் பக்கவாட்டில் உடம்பை ஒடித்து ஏறுகிறேனே, அப்போது செல்போனில் வழிவிடாமல் நின்றவர்தானே?

கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் தடத்தில் ஒரு கண்டக்டர் இருக்கிறார். நான் ஏறியதும், "உக்காந்தாச்சாம்மா, விசில் குடுக்கட்டா?" என்பார். நான் சரி என்ற பிறகுதான் ஊதுவார். அவருக்கு என் கால் கதை தெரியாது. தெரிந்துகொள்ளாமலே என்னை விழாமல் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார். எதிர்வீட்டுக் குட்டி ஒன்று, "அத்தை, இது இரும்பா? மழையில துருப்பிடிக்குமா?" என்று கேட்டது. பிடிக்கும், எண்ணெய் விடணும் என்றேன். அதன் அம்மாதான் ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்தாள். அடுத்த வாரம் அதே அம்மா கேரளாவில் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று விலாசத்தோடு வந்தாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் செத்த நரம்புக்கு எண்ணெய்க் கிழி!

ஆவணி பிறந்தால் மறுபடி முகூர்த்தங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் போவேன், அவளுக்குக் கல்யாணச் சாப்பாடு பிடிக்கும். பக்கத்தில் வந்து உட்காருங்கள், விலைவாசி பேசுங்கள், மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்று கேளுங்கள். அவளிடம் ஊசியையும் சொந்தத்தையும் எடுத்தீர்களானால் இந்த முறை அவள் பதில் சொல்லமாட்டாள். நான் கேட்பேன். 1978இல் நீங்கள் எந்தத் தெருவில் இருந்தீர்கள், எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தீர்கள், உங்கள் வீட்டுக் கக்கூஸ் எந்த வாய்க்காலில் போய் விழுந்தது என்று பந்தி முடியும்வரை கேட்பேன்.