வேலை தேடும் கர்ப்பிணியைச் சட்டம் பார்க்கவில்லை

கர்ப்பகாலம் 40 வாரம். வேலை தேடும் படலத்தை இந்தக் கணக்குக்குள் அடக்கிப் பார்த்தால் சிக்கல் புரியும். விண்ணப்பித்து, மனிதவளப் பிரிவின் அழைப்புக்குக் காத்திருந்து, மூன்று நான்கு சுற்று நேர்காணல் முடிந்து ஆஃபர் லெட்டர் கைக்கு வருவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. கரு உறுதியான இரண்டாம் மாதத்தில் தேடத் தொடங்கும் பெண், எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் ஐந்தாம் மாதத்தை ஒட்டித்தான் வேலையில் சேர முடியும். இரண்டு இடங்கள் கைநழுவினால் ஏழு, எட்டு மாதம் ஆகிவிடும். இதற்கிடையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமைப் பரிசோதனை இருக்கிறது. இருபதாவது வாரத்தை ஒட்டி ஸ்கேன் இருக்கிறது. குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து ரத்தம் கொடுக்கும் சர்க்கரைச் சோதனை இருக்கிறது. அதே நாளில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் எதைத் தள்ளிப்போடுவது? ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். பழைய நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விட்டது. புதிதாகத் தனிநபர் பாலிசி எடுத்தாலும் பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால் இந்தப் பிரசவத்துக்கு அது உதவாது.

இந்தப் பெண்ணுக்கு நம் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1961-ன் பேறுகாலப் பயன் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு, சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. பெருமைப்பட வேண்டிய திருத்தம்தான். ஆனால் அந்தப் பயனைப் பெற, பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அதுவும் எந்த முதலாளியிடம் பயன் கேட்கிறாரோ அவருடைய நிறுவனத்திலேயே செய்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த வாசகத்தை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நிறுவனத்தில் ஐந்து ஆண்டு உழைத்த பெண் கணவரின் இடமாற்றத்தாலோ, வேறு காரணத்தாலோ அதை விட்டு, ஏழு மாதம் நிறைந்தபின் இன்னொரு நிறுவனத்தில் சேர்ந்தால், பழைய ஐந்து ஆண்டு கணக்கில் வராது. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதே சட்டம் தடை போடுகிறது. வேலைக்கும் போகக் கூடாது, சம்பளமும் கிடையாது. கர்ப்பிணியை வேலையை விட்டு நீக்கினால் பழைய முதலாளியே பயனைத் தர வேண்டும் என்ற விதி இருப்பது உண்மை. ஆனால் ஆட்குறைப்பு நேரத்தில் நிறுவனங்கள் கேட்டு வாங்குவது ராஜினாமா கடிதத்தை. கையெழுத்துப் போட்டுவிட்டால் நீக்கப்பட்டதற்குச் சாட்சியே இல்லை.

இதையெல்லாம்விட ஆழமான கோளாறு, செலவை யார் தலையில் கட்டியிருக்கிறோம் என்பதில் இருக்கிறது. 26 வாரச் சம்பளத்தை முழுவதும் அந்த ஒரு முதலாளியே தர வேண்டும். மாதம் 40,000 ரூபாய் சம்பளம் என்றால் கிட்டத்தட்ட 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். பத்துப் பதினைந்து பேரை வைத்துக் கடை நடத்துகிறவர், நான்கு மாதக் கர்ப்பிணி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கைப் போடாமல் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் கெட்டவர் என்பதால் அல்ல. சட்டமே அவரைப் போட வைக்கிறது. அந்தக் கணக்கு கர்ப்பிணியோடு நிற்பதும் இல்லை. கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது என்று நேர்காணலில் கேட்பதெல்லாம் இதன் தொடர்ச்சிதான். ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலை திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் அதை மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது.

தனியார் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் பணியில் சேரத் 'தற்காலிகமாகத் தகுதியற்றவர்கள்' என்று பாரத ஸ்டேட் வங்கியே விதி கொண்டுவந்தது. நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2022 ஜனவரி இறுதியில் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஜூனில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கிக்கு இதுபோன்ற விதிக்காக டெல்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. இவ்வளவுக்கும், 1991-லேயே உச்ச நீதிமன்றம் இது பற்றிப் பேசிவிட்டது. வேலைக்குச் சேரும் பெண்ணிடம் ஆயுள் காப்பீட்டுக் கழகம் நிரப்பித் தரச் சொன்ன படிவத்தில், கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, அது ஒழுங்காக வருகிறதா, எத்தனை முறை கருத்தரித்தார், கருக்கலைப்பு நடந்ததா என்றெல்லாம் கேட்கப்பட்டிருந்தது. கூச்சம் தரும் இந்தக் கேள்விகளை நீக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயினும் வேலைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனைப் படிவங்களில் அதே கேள்விகள் வேறு வேறு வடிவில் வருகின்றன. படிவத்தில் இல்லாவிட்டாலும் மார்பு எக்ஸ்ரே இருக்கிறது. கதிர்வீச்சுக்குப் பயந்து அதை மறுக்கும் பெண் காரணம் சொல்லியாக வேண்டும்.

இதற்கு மாற்று வழி நம்மிடமே இருக்கிறது, எழுபது ஆண்டுக்கு மேலாக நடந்துகொண்டும் இருக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐ திட்டத்தில் பேறுகால ஊதியத்தை முதலாளி தருவதில்லை, இஎஸ்ஐ கழகம் தருகிறது. சம்பளத்தில் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகிறார்கள். வேலை செய்பவர் ஆணா பெண்ணா என்பது பொருட்டில்லை. தொடர்ச்சியான இரண்டு ஆறு மாதப் பங்களிப்புக் காலங்களில் 70 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால் போதும். காப்பீட்டு எண் பெண்ணோடு கம்பெனி விட்டுக் கம்பெனி போகும். ஆனால் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் 18,000 ரூபாய் வாங்கும் பெண்ணுக்கு இருக்கும் பாதுகாப்பு, கோவையில் 25,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதும் பெண்ணுக்கு இல்லை. இந்தக் கோட்டுக்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. பேறுகாலச் செலவைத் தனி முதலாளியின் மீது சுமத்தாமல் சமூகக் காப்பீட்டிலோ பொது நிதியிலோ ஏற்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுகிறது. வேலைக்கு எடுக்கும்போது கர்ப்பப் பரிசோதனை கேட்பதையும் பொதுவாகத் தடுக்கச் சொல்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. ஜெர்மனியில் எல்லா நிறுவனங்களும், பெண்களே இல்லாதவை உட்பட, ஒரு தீர்வையைச் செலுத்துகின்றன. பேறுகால ஊதியம் கொடுத்த நிறுவனத்துக்கு அதிலிருந்து முழுத்தொகையும் திரும்பக் கிடைக்கிறது. பிரிட்டனில் நிறுவன ஊதியத்துக்குத் தகுதி பெறாத பெண், பிரசவத்துக்கு முந்தைய 66 வாரங்களில் 26 வாரம் எங்காவது வேலை பார்த்திருந்தால் அரசிடமிருந்து உதவித்தொகை பெறலாம். 'எங்காவது' என்பதுதான் நம் சட்டத்தில் இல்லாதது.

பயனுக்காகவே வேலையில் சேர்ந்து, பணத்தை வாங்கிக்கொண்டு நின்றுவிடுவார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அந்த அச்சத்துக்கு இப்போதைய சட்டமே இடம் கொடுக்கிறது. 80 நாள் வேலைக்கு 26 வாரச் சம்பளம் ஒரே முதலாளியிடமிருந்து போகிறது. பொது நிதியிலிருந்து, அந்தப் பெண் முன்பு செலுத்திய பங்களிப்பின் பேரில் போனால், யாரும் யாரையும் ஏமாற்றியதாகாது. கர்ப்பத்தைச் சொல்லாமல் சேர்வது நேர்மையா என்றும் கேட்கிறார்கள். மனைவி பிரசவத்துக்குக் காத்திருக்கும் ஆணிடம் எந்த நேர்காணலிலும் அதைக் கேட்பதில்லை. மறைத்தார் என்று அவரை யாரும் சொல்வதும் இல்லை. இவற்றையெல்லாம்விட வலுவான ஆட்சேபம் வேறு: சம்பளத்தை யார் தந்தாலும், சேர்ந்த மூன்றாம் மாதம் ஆள் போய்விட்டால் வேலையை யார் செய்வது? சிறு நிறுவனங்களுக்கு இது உண்மையான இடர்ப்பாடு, லேசாக ஒதுக்க முடியாது. ஆனால் ஊதியச்சுமை நீங்கினால் அதே பணத்தில் ஆறு மாதத்துக்குத் தற்காலிக ஆள் வைக்கலாம். ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வேலை மாறுவதையே சகித்துக்கொள்ளும் முதலாளிகளுக்கு, போகும் தேதியும் திரும்பும் தேதியும் முன்கூட்டியே தெரிந்த விடுப்பு சமாளிக்க முடியாதது அல்ல.

தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் கிடைக்கிறதே என்பார்கள். மிக நல்ல திட்டம். ஆனால் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்ந்த தொகை அது. தாயின் உடல்நலத்துக்கானது, இழந்த சம்பளத்துக்கு ஈடு அல்ல. நகரத்தில் இரண்டு மாத வாடகைக்கே அது பற்றாது. நீதிமன்றங்கள் இருக்கின்றனவே என்றால், ஆம், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பேறுகாலப் பயன் தொடரும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கும் முதலில் ஒரு வேலை வேண்டும்.

இஎஸ்ஐ போன்ற பொது நிதியை எல்லாச் சம்பளக்காரர்களுக்கும் விரிப்பது பெரிய வேலை. பேறுகால விடுப்பில் ஏழு வார ஊதியத்தை முதலாளிகளுக்குத் திருப்பித் தரும் திட்டத்தைப் பற்றி 2018-ல் மத்திய அரசு பேசியதோடு சரி. ஆனால் இரண்டு காரியத்துக்குப் பெரும் பணம் வேண்டாம். நேர்காணலிலும் மருத்துவப் படிவத்திலும் கர்ப்பம், குழந்தைத் திட்டம் பற்றிக் கேட்பதை அபராதத்துடன் தடைசெய்யலாம். 80 நாள் கணக்கில் முந்தைய நிறுவனத்தில் வேலை பார்த்த நாள்களையும் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் கூடும் செலவை அரசு ஏற்றுக்கொண்டால் புது முதலாளிக்கும் பாரமில்லை. வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலேயே அந்த நாள்களுக்குப் பெரும்பாலும் பதிவு இருக்கிறது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நாற்பது சதவீதத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் இந்தத் திருத்தத்தைக் கேட்க வேண்டிய முதல் உறுப்பினர்கள் நம்மவர்கள்தான்.